தரவு முறைவழியாக்கத்தின் வளர்ச்சியும் வகைப்பாட்டின் அரசியலும்: குடிசன மதிப்பை ஆதாரமாகக் கொண்ட ஒரு நோக்கு

1. முன்னுரை

கணனி அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் இடம்பெற்றுவிட்ட இன்றைய நிலையில், தரவு முறைவழியாக்கம் என்பது அப்பொறியோடு உடன்பிறந்த நுட்பம் என்ற எண்ணம் பரவலாக நிலவுகின்றது. வரலாற்று நோக்கில் இவ்வெண்ணம் பொருத்தமானதன்று. சிதறிக் கிடக்கும் விபரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, எண்ணித் தொகுத்து, ஒரு தீர்மானத்திற்குப் பயன்படத்தக்க வடிவில் வழங்குதலே தரவு முறைவழியாக்கமாகும். வரி அறவிடவும் படை திரட்டவும் ஊழியம் பெறவும் முற்பட்ட அரசுகள் யாவும் இத்தொழிலை ஏதோவொரு வகையில் மேற்கொண்டே வந்துள்ளன.

தரவு, தகவல் என்னும் இரு சொற்களையும் முதலில் வேறுபடுத்திக்கொள்வது நன்று. ஒரு வீட்டில் வாழும் ஒருவரின் வயது நாற்பது எனப் பதிவது தரவு. ஒரு மாவட்டத்தில் நாற்பது வயதைக் கடந்தோர் இத்தனை வீதத்தினர் எனக் கூறுவது தகவல். முன்னையதைப் பின்னையதாக மாற்றும் தொழிலில் ஏழு படிநிலைகளைக் காணலாம். சேகரித்தல், சரிபார்த்தல், குறியீடிடல், வரிசைப்படுத்தல், எண்ணி அட்டவணைப்படுத்தல், சேமித்தல், வெளியிடல் என்பன அவை. வங்கிக் கணக்காயினும் தேர்வுப் பெறுபேறாயினும் நாட்டின் குடிசன மதிப்பாயினும் இப்படிநிலைகளே தொழிற்படுகின்றன.

இப்படிநிலைகளுள் வரிசைப்படுத்தல், எண்ணல், சேமித்தல் ஆகியவற்றையே பொறிகள் பெரிதும் தம்வயப்படுத்தின. குறியீடிடலின் அடிப்படை, அதாவது எந்த வினாவிற்கு எத்தகைய விடைகள் ஏற்கப்படும், எவரெவர் ஒரே வகையினுள் அடங்குவர் என்ற தீர்மானம், மனிதரிடமே, அவருள்ளும் அதிகாரத்தில் உள்ளோரிடமே தங்கியுள்ளது. பொறி விரைவு பெறப்பெற அத்தீர்மானத்தின் விளைவுகளும் விரிவுபெற்றன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு இரு நாடுகளின் குடிசன மதிப்புக்களை நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கின்றோம். பொறிவழி முறைவழியாக்கம் தோன்றிய களம் என்பதால் ஐக்கிய அமெரிக்காவும், வகைப்பாட்டின் விளைவுகளை நமது மக்கள் நேரடியாக அனுபவித்த களம் என்பதால் இலங்கையும் இங்கு இடம்பெறுகின்றன.

2. பதிவேடும் தொகைமதிப்பும்

இலங்கையில் மக்களைப் பற்றிய முறையான பதிவுகள் பிரித்தானியர் காலத்துக்கு முற்பட்டவை. போர்த்துக்கேயரும் அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் தாம் ஆண்ட கரையோரப் பகுதிகளிற் தோம்புகளைப் பேணினர். ஒல்லாந்தர் காலத்திற் குடும்பங்களைப் பதியும் தலைத்தோம்பும், காணிகளைப் பதியும் நிலத்தோம்பும் தனித்தனியே எழுதப்பட்டன. யார் எந்நிலத்தை வைத்திருக்கின்றனர், அவர் செலுத்த வேண்டிய வரி யாது, ஆற்ற வேண்டிய ஊழியம் யாது என்பனவற்றை அறிதலே அவற்றின் பயன்.

தோம்பு ஒரு பதிவேடு. பதிவேட்டின் உயிர்நிலை பெயராகும். குறித்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே அது எழுதப்படுகின்றது. நவீன தொகைமதிப்பின் கோட்பாடு இதற்கு மாறானது. அது விபரத்தைச் சேகரிக்கும்போது பெயரைக் கேட்பினும், முறைவழியாக்கத்தின்போது பெயரை உதறிவிட்டு எண்ணிக்கையை மாத்திரம் வெளியிடுகின்றது. முன்னையது ஆளை நாடுவது. பின்னையது தொகையை நாடுவது. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியத்துவம் பெறுவதால் இங்கேயே மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியர் 1824இற் கரையோர மாகாணங்களில் நடாத்திய கணக்கெடுப்பு மக்களைச் சாதிவாரியாகப் பட்டியலிட்டது. ஊழிய முறை முற்றாக நீங்காத அக்காலத்திற் சாதியே நிருவாகத்துக்குப் பயன்பட்ட வகைப்பாடாக இருந்தமை வியப்பன்று. நாடு முழுவதையும் தழுவிய முதலாவது குடிசன மதிப்பு 1871 மார்ச் 27ஆம் நாள் நடைபெற்றது. அதன்படி இலங்கையின் குடித்தொகை 2,400,380 ஆகும். இதன் பின்னர் சாதி பின்தள்ளப்பட்டு, இனம் என்னும் வகைப்பாடு முன்னிலைக்கு வந்தது. அதேகாலத்தில் இந்தியாவிற் பிரித்தானிய ஆட்சி சாதியைத் தொகைமதிப்பின் மையத்தில் வைத்திருந்தது என்பதை நோக்கும்போது, வகைப்பாடுகள் மக்களின் இயல்பிலிருந்து தாமே பிறப்பனவல்ல என்பது புலனாகும்.

3. கையால் எண்ணிய காலம்

பொறிகள் வருமுன் தொகைமதிப்பின் விபரங்கள் கோட்டுக்குறி முறையால் எண்ணப்பட்டன. ஒவ்வோர் அட்டவணைக்கும் நிரைகளும் நிரல்களும் கொண்ட ஒரு பெருந்தாள் தயாரிக்கப்படும். எழுதுவினைஞர் கணக்கெடுப்புத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உரிய கட்டத்திற் கோடொன்றை இடுவார். கட்டங்களிலுள்ள கோடுகளைப் பின்னர் எண்ணிக் கூட்டினால் அட்டவணை உருவாகும்.

எளிமையான இம்முறைக்கு ஒரு பெருங்குறையுண்டு. வயதையும் பாலையும் இணைத்து ஓர் அட்டவணை ஆக்கியபின், தொழிலையும் மதத்தையும் இணைத்து இன்னொன்று வேண்டுமெனின், நாடு முழுவதற்குமான தாள்களை மீண்டும் முதலிலிருந்து படிக்கவேண்டும். வகைகள் பெருகுமளவுக்குக் கட்டங்களும் பெருகும். பத்து வயதுப் பிரிவுகளும் இரு பால்களும் ஏழு இனங்களும் சேரின் 140 கட்டங்கள். இனங்கள் இருபத்துநான்காயின் 480 கட்டங்கள். ஆகவே, வகைகளைக் குறைத்தல் எழுதுவினைஞரின் உழைப்பையும் அரசின் செலவையும் குறைத்தலாகும்.

இக்குறையை நீக்க எழுந்ததே சீட்டு முறை. பவேரியாவிற் தோன்றிய இம்முறை 1901ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்போது இந்தியாவிற் புகுத்தப்பட்டது. ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே ஒரு சீட்டு எழுதப்படும். மதத்தைச் சீட்டின் நிறத்தாலும், பாலையும் மணநிலையையும் சீட்டிலுள்ள குறிகளாலும் அறியலாம். சீட்டுக்களை அறைகள் கொண்ட பெட்டியிற் பிரித்துப் போட்டு எண்ணினால் ஓர் அட்டவணை கிடைக்கும். அவற்றையே மீண்டும் கலைத்து வேறொரு முறையிற் பிரித்தால் இன்னோர் அட்டவணை கிடைக்கும்.

இம்மாற்றம் சிறிதுபோலத் தோன்றினும், கோட்பாட்டளவிற் பெரிது. கோட்டுக்குறி முறையில் மனிதர் எண்ணப்பட்டவுடன் ஒரு கோடாகி மறைந்துவிடுகின்றனர். சீட்டு முறையிலோ ஒவ்வொருவரும் தனித்ததொரு பதிவாக நிலைத்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் வகைப்படுத்தப்படக் கூடியவராகின்றார். இத்தனியாட் பதிவே பின்னர் எழுந்த துளை அட்டைக்கும், காந்த நாடாவுக்கும், இன்றைய தரவுத்தளத்துக்கும் மூலக் கருத்தாகும்.

4. வகைகள் சுருங்கியமையும் விரிந்தமையும்

இலங்கையின் 1871ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 78 தேசியங்களையும் 24 இனங்களையும் குறிப்பிட்டது. பத்தாண்டுகளின் பின் 1881இல் இனங்களின் தொகை ஏழாகச் சுருங்கியது. ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர் என்பனவே அவ்வேழு வகைகளாம். பத்தாண்டுக் காலத்தில் இலங்கையின் சமூக அமைப்பு இவ்வளவுக்கு எளிமையாகிவிட்டது எனக் கொள்ள இயலாது. சுருங்கியது சமூகமன்று; அட்டவணையின் நிரல்களே சுருங்கின. கையால் எண்ணும் முறையின் நெருக்கடி இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் எவற்றை இணைப்பது, எவற்றைத் தனியே நிறுத்துவது என்பதைத் தீர்மானித்தது அக்கால ஐரோப்பியச் சிந்தனையில் ஓங்கியிருந்த இனக்கோட்பாடேயாகும்.

பின்னர் நிகழ்ந்தவை இதற்கு எதிர்த்திசையிலானவை. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மேற்பார்வையில் நடைபெற்ற 1901ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிற் சிங்களவர் கரைநாட்டார், கண்டி நாட்டார் என இரு வகையினராகக் காட்டப்பட்டனர். டென்ஹாமின் பொறுப்பில் நடைபெற்ற 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரிக்கப்பட்டனர். சோனகரும் அவ்வாறே இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் எனப் பிரிக்கப்பட்டனர். அவ்வாண்டில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 5 இலட்சத்து 28 ஆயிரம், இந்தியத் தமிழர் ஏறத்தாழ 5 இலட்சத்து 31 ஆயிரம் என இரு வகையினரும் தொகையிற் சமநிலையை அண்மித்து நின்றனர்.

இங்கு ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். பிறந்த இடம் என்பது தொகைமதிப்பில் ஏற்கெனவே தனியொரு வினாவாக இருந்தது. இந்தியாவிற் பிறந்தோர் எத்தனைபேர் என்பதை அவ்வினாவே தரவல்லது. ஆனால் ‘இந்தியத் தமிழர்’ என்னும் வகை பிறப்பிடத்தை அன்றி, மூதாதையரின் வருகையை அடிப்படையாகக் கொண்டது. தோட்டத்து லயத்திற் பிறந்த குழந்தையும், அக்குழந்தையின் குழந்தையும் அட்டவணையில் இந்தியராகவே தொடர்ந்தனர். பிறப்பால் மாறக்கூடிய ஒரு நிலை, குறியீட்டாற் பரம்பரை நிலையாக்கப்பட்டது.

5. துளை அட்டையின் வருகை

இனி அமெரிக்காவை நோக்குவோம். உள்நாட்டுப் போருக்குப் பின் கைத்தொழில் முதலாளித்துவம் அங்கு துரிதமாக வளர்ந்தது. குடிபெயர்ந்து வந்தோரின் தொகை பெருகியது. 1880ஆம் ஆண்டிற் குடித்தொகை 5 கோடியைக் கடந்திருந்தது. அவ்வாண்டின் விபரங்களை அட்டவணைப்படுத்தி முடிப்பதற்கு ஏழாண்டுகளுக்கு மேற் சென்றது. அடுத்த கணக்கெடுப்பின் விபரங்களை அதற்கடுத்த கணக்கெடுப்பு வருமுன் முடிக்கவியலாது போகலாம் என்ற அச்சம் எழுந்தது.

1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் பணியாற்றிய ஹேர்மன் ஹொலறித் என்னும் இளம் பொறியியலாளர் இச்சிக்கலுக்குத் தீர்வு தேடினார். இதற்கொரு பொறி அமையலாம் என்ற எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர் மருத்துவரான ஜோன் ஷோ பில்லிங்ஸ் ஆவார். நெசவுத் தறியில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கோலங்களை அமைக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சில் ஜக்காட் நிலைநிறுத்தியிருந்தார். ஆயினும் புகைவண்டியிற் பயணச்சீட்டைப் பரிசோதிப்பவர், பயணியின் அங்க அடையாளங்களைச் சீட்டின் ஓரத்திற் துளையிட்டுக் குறிக்கும் வழக்கமே தமக்கு வழிகாட்டியது என ஹொலறித் பின்னாளிற் கூறினார். ஆளை அடையாளங்காணும் ஒரு கட்டுப்பாட்டு முறையிலிருந்து துளை அட்டையின் கருத்துப் பிறந்தமை கவனத்திற்குரியது.

1889இல் மூன்று முறைகள் ஒரே தரவுகளைக்கொண்டு ஒப்புநோக்கப்பட்டன. செயின்ட் லூயிஸ் நகரின் சில பகுதிகளின் விபரங்களைப் பதிந்துகொள்ள ஹொலறித்தின் முறைக்கு 72½ மணித்தியாலங்கள் சென்றன. ஏனைய இரண்டுக்கும் நூறு மணித்தியாலங்களுக்கு மேற் தேவைப்பட்டன. அட்டவணைப்படுத்துவதற்கு ஏனையவை 44½, 55½ மணித்தியாலங்களை எடுக்க, ஹொலறித்தின் பொறிக்கு 5½ மணித்தியாலங்களே போதுமானவையாயின. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர் முறையே ஏற்கப்பட்டது.

அப்பொறியின் இயக்கம் வருமாறு. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓரிடத்திற் துளையிட்டால் ஆண், அயலிடத்திற் துளையிட்டால் பெண் என்றவாறு ஒவ்வொரு விடைக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அட்டையைப் பொறியில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், வில்லூசிகள் கீழிறங்கும். துளையுள்ள இடங்களில் ஊசி அட்டையை ஊடுருவிக் கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சுற்று நிறைவுற்று, உரிய எண்வட்டின் முள் ஓரெண் முன்னேறும். அட்டை செவ்வனே வாசிக்கப்பட்டால் மணி ஒலிக்கும். அதேவேளை அருகேயுள்ள பெட்டியின் மூடிகளுள் ஒன்று தானாகத் திறக்க, அட்டை அதனுள் இடப்படும். இணைப்புக் கம்பிகளை மாற்றியமைப்பதன் மூலம் வயது, பால், பிறந்த நாடு ஆகியவற்றின் சேர்க்கைகளையும் ஒரே முறையில் எண்ணலாம்.

இம்முறையால் அரசின் செலவு குறைந்தது எனக் கருதுதல் தவறாகும். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொத்தச் செலவு முன்னையதன் இருமடங்கை அண்மித்தது. எண்ணும் ஆற்றல் வளர, கேட்கப்படும் வினாக்களும் ஆக்கப்படும் அட்டவணைகளும் பெருகின. மனித உழைப்பும் நீங்கிவிடவில்லை. ஏறத்தாழ 6 கோடியே 30 இலட்சம் மக்களுக்குரிய அட்டைகளைத் துளையிட்டவர்களும் பொறியில் இட்டவர்களும் எழுதுவினைஞர்களே. அவர்களுட் பெண்கள் பெருந்தொகையினராவர். பொறியின் வரலாறு கண்டுபிடிப்பாளரின் பெயரைப் போற்றுமளவுக்கு இவ்வுழைப்பைப் போற்றுவதில்லை.

ஹொலறித் 1896இல் நிறுவிய கம்பனி, 1911இல் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. தொகைமதிப்புக்கெனப் பிறந்த முறை புகைவண்டி நிறுவனங்கள், காப்புறுதிக் கம்பனிகள், பெருங் கைத்தொழில்கள் ஆகியவற்றின் கணக்கியலுக்குப் பரவியது.

6. பொறி அறிந்ததும் அறியாததும்

1890ஆம் ஆண்டின் அட்டையிற் ‘நிறம்’ பற்றிய பகுதியில் வெள்ளையர், கறுப்பர், சீனர், யப்பானியர், அமெரிக்க இந்தியர் என்போரோடு, கறுப்பின மூதாதையர் அரைப்பங்களவினர், காற்பங்கினர், எட்டிலொரு பங்கினர் என்போருக்கும் தனித்தனியே இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அடிமை முறை ஒழிக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்த காலம் அது. ஒருவரின் குருதியில் எட்டிலொரு பங்கு எவருடையது என்பதைக் கணக்கெடுப்பாளர் எவ்வாறு அறிவார்? பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்தே அவர் எழுதினார். ஊகமாக எழுதப்பட்டது, அட்டையில் ஐயத்துக்கிடமற்ற துளையாகியது. பாதரசக் கிண்ணத்தைத் தொட்ட ஊசிக்கு ஊகமும் உண்மையும் ஒன்றே. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பின்னங்கள் கைவிடப்பட்டன.

சரிபார்த்தல் என்னும் படிநிலையின் எல்லையை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஐந்து வயதுக் குழந்தை மணமானவர் எனப் பதியப்பட்டிருப்பின் அதனைப் பொறி கண்டுபிடிக்க வழிசெய்யலாம். ஒரே விபரத்தை இருவர் தனித்தனியே துளையிட்டு ஒப்பிடும் முறையினாற் கைத்தவறுகளையும் களையலாம். ஆனால் வகையே தவறாக வகுக்கப்பட்டிருப்பின், எந்தச் சரிபார்ப்பும் அதனைக் காட்டித் தராது. அது பிழையற்ற அட்டவணையாகவே வெளிவரும்.

வகைப்பாடு எத்தகைய கரங்களிற் சேரும் என்பதும் எண்ணத்தக்கது. ஜேர்மனியில் நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933ஆம் ஆண்டில், பிரஷ்யாவின் குடிசன மதிப்பை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேர்மன் கிளையான டெஹோமக் துளை அட்டைகளைக் கொண்டு முறைவழியாக்கியது. 1939 மே மாதக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் பாட்டன் பாட்டியர் நால்வரும் யூதரா என வினவும் தனியட்டை ஒன்று சேர்க்கப்பட்டது. யூதர்களை நாடுகடத்தும் செயலில் இவ்வட்டைகள் நேரடியாக எவ்வளவுக்குப் பயன்பட்டன என்பது வரலாற்றாசிரியரிடையே இன்னும் விவாதிக்கப்படுகின்றது. ஆயினும் அவ்வினாவைக் கேட்டதன் நோக்கம் ஐயத்திற்குரியதன்று.

இது பாசிச அரசுகளுக்கு மாத்திரம் உரியதெனக் கொள்ளலாகாது. 1942இல் ஐக்கிய அமெரிக்கா தனது மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவழியினர் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் பேரைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள். அவர்கள் எவ்வெப் பகுதிகளிற் செறிந்து வாழ்கின்றனர் என்ற சிறுபகுதி அட்டவணைகளைத் தொகைமதிப்பு நிறுவனம் இராணுவத்துக்கு வழங்கியது. பெயரற்ற அட்டவணையும் ஆட்களை அடையும் வழியாகலாம் என்பதற்கு இது சான்று. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பணிப்பாளர் இதன்பொருட்டு மன்னிப்புக் கோரினார்.

7. மின்னணு முறையும் எல்லைக்கோடு மறைதலும்

துளை அட்டைக் காலத்தில் வகுக்கப்பட்ட செயன்முறைகளைக் கணனி பெருமளவுக்கு அவ்வாறே ஏற்றுக்கொண்டது. வரிசைப்படுத்தலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 352, 127, 325 என்னும் எண்களைக் கொண்ட அட்டைகளை ஏறுவரிசையில் அடுக்கவேண்டும். பொறி முதலில் ஒன்றாமிடத்து இலக்கத்தைக் கொண்டு பிரிக்க, 352, 325, 127 எனும் ஒழுங்கு கிடைக்கும். அவ்வொழுங்கைக் குலைக்காது பத்தாமிடத்தாற் பிரிக்க, 325, 127, 352 என அமையும். ஈற்றில் நூறாமிடத்தாற் பிரிக்க, 127, 325, 352 என வரிசை நிறைவுறும். அட்டைகள் மூன்றாயினும் மூன்று இலட்சமாயினும், மூன்றிலக்க எண்களுக்கு மூன்று சுற்றுக்களே போதும். இம்முறை இன்றும் கணனிச் செய்நிரல்களில் வழங்குகின்றது.

1951இல் யூனிவாக் என்னும் மின்னணுக் கணனி அமெரிக்கத் தொகைமதிப்பு நிறுவனத்துக்குக் கையளிக்கப்பட்டது. அட்டைக்குப் பதிலாகக் காந்த நாடா பயன்பட்டது. நாடாவில் உள்ளவற்றைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகவே வாசிக்க இயலும். ஆதலால், வேலைகளைச் சேர்த்துவைத்து ஒருமிக்க நிறைவேற்றும் தொகுதிமுறைச் செயலாக்கம் வழக்காயிற்று. மாத ஈற்றிற் சம்பளக் கணக்கை ஒருமிக்கத் தயாரித்தல் இதற்குத் தக்க உதாரணம். 1956இல் காந்தத் தட்டு வந்தபின், வேண்டிய பதிவை நேரே சென்று வாசிப்பது சாத்தியமாயிற்று. கேட்டவுடன் விடைதரும் உடனடிச் செயலாக்கம் இதன்வழி வளர்ந்தது. விமான இருக்கைகளை முற்பதிவு செய்தலும், வங்கியில் மீதியை உடனே அறிதலும் இம்முறையைச் சார்ந்தவை. 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் கொட் முன்வைத்த தொடர்புசார் மாதிரி, தரவுகளை அட்டவணைகளாக வைத்து, பொதுவான ஓர் எண்ணின்மூலம் ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் வழியைக் காட்டியது.

இப்பொது எண்ணே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம். இலங்கையில் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய அட்டையின் எண்ணில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தவர் என்பதையும் காட்டின. பெண்களாயின் அத்தொகையோடு 500 கூட்டப்பட்டது. எண்ணின் ஈற்றில் நின்ற ஆங்கில எழுத்து ‘வீ’ ஆயின் வாக்குரிமை உடையவர், ‘எக்ஸ்’ ஆயின் அஃது இல்லாதவர். 2016 முதல் 12 இலக்க எண் வழக்கிற்கு வந்தபோது இவ்வெழுத்து நீங்கியது. ஒருவரின் வயதும் பாலும் அரசியல் உரிமையும் ஒரு வரியிற் குறியீடாகப் பொறிக்கப்பட்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

பதிவேடு ஆளை நாடுவது, தொகைமதிப்புத் தொகையை நாடுவது என முன்னர் கூறினோம். தனியாட் பதிவுகள் அழியாது சேமிக்கப்பட்டு, பொது எண்ணால் இணைக்கப்படக்கூடிய சூழலில், இவ்விரண்டையும் பிரித்த எல்லைக்கோட்டைப் பேணுவது தொழில்நுட்பத்தின் இயலாமையன்று. சட்டமும் நிறுவன ஒழுக்கமும் மக்களின் விழிப்புமே அதனைப் பேணவல்லன.

8. இலங்கை அனுபவம்

1911இல் அட்டவணையின் ஒரு நிரலாகப் பிறந்த ‘இந்தியத் தமிழர்’ என்னும் வகை, சுதந்திரத்தின்போது சட்டத்தின் பாற்பட்ட விளைவுகளைக் கண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பெருந்தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் தாமும் தந்தையரும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு முறையாக நடைபெறாத தோட்டங்களில் அத்தகைய சான்று அரிது. வகைப்படுத்தும்போது அரசு சான்று கேட்கவில்லை. வகையிலிருந்து வெளியேற முனைந்தபோது சான்று கேட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் விடயம் பிற்போடப்பட்டு, 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. குடும்பங்களின் விருப்பு வெறுப்புக்கள் வட்டத் தொகைகளிற் கரைந்தன. இதனால் எழுந்த நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

எனினும் எண்ணப்பட்டோர் வெறும் எண்களாக இருந்துவிடவில்லை. 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழரின் தொகை, 1981இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தது. தாயகம் திரும்பியோர் என அரசால் அழைக்கப்பட்டோரின் வெளியேற்றம் இதற்கு முக்கிய காரணம். ஆனால் அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழரின் தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 18 இலட்சத்து 87 ஆயிரமாக உயர்ந்தது. நாட்டின் மொத்தக் குடித்தொகை 17 வீதத்தால் வளர்ந்தபோது, இவ்வகையினர் மட்டும் 32 வீதத்துக்கு மேல் வளர்ந்தமையைப் பிறப்பு வீதத்தால் விளக்க இயலாது. மலையகத்திலும், 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் வன்னியிற் குடியேறிய இடங்களிலும், பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டமையே இதன் பெரும்பகுதியை விளக்கும். ‘இந்திய’ என்னும் அடைமொழி தமது உரிமைக்கு ஊறு விளைத்தது என்பதை அனுபவத்தால் அறிந்தோர், தமது குறியீட்டைத் தாமே மாற்றினர். மலையகத் தமிழர் என்னும் பெயருக்கான கோரிக்கையும் இத்தொடர்ச்சியிலேயே வைத்து நோக்கத்தக்கது.

பதிவேட்டின் அபாயத்தை 1983 யூலை கொடூரமாக உணர்த்தியது. கொழும்பில் வன்செயலாளர் வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தித் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றதைக் கண்டோர் பலர் பதிவுசெய்துள்ளனர். சனநாயக உரிமையை வழங்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல், பெயர்களும் முகவரிகளும் தாங்கியிருந்த காரணத்தாலேயே அழிவின் கருவியாயிற்று. இதற்கு எந்தப் பொறியும் தேவைப்படவில்லை.

இன்னொரு வகை இழப்பு சேகரித்தல் என்னும் முதற்படியிலேயே நிகழ்ந்தது. போர்ச் சூழலில் 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இலேயே அது முழுமை பெற்றது. வடக்கு, கிழக்கின் பெரும்பகுதி 1981இன் பின் 2012 வரை முழுமையாக எண்ணப்படவில்லை. மூன்று தசாப்தங்களின் இறப்பும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அட்டவணையில் வெற்றிடமாகவே உள்ளன. சேகரிக்கப்படாததை எந்த முறைவழியாக்கமும் ஈடுசெய்யாது. எண்ணப்படுதல் அபாயமாதல் போன்று, எண்ணப்படாமையும் அநீதியே. பாடசாலை, மருத்துவமனை, நிவாரணம் யாவும் தொகையைக்கொண்டே ஒதுக்கப்படுகின்றன.

9. முடிவுரை

கோட்டுக்குறியிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து துளை அட்டைக்கும், அதிலிருந்து மின்னணுக் கணனிக்கும் நிகழ்ந்த வளர்ச்சி மனித அறிவின் சிறப்பான பேறுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. நோய்ப் பரவலை அறியவும், வறுமையை அளவிடவும், திட்டமிட்ட பொருளாதாரத்தை அமைக்கவும் இவ்வாற்றல் இன்றியமையாதது. முற்போக்குச் சிந்தனையாளர் இதனைப் புறக்கணிப்பது பேதைமையாகும்.

ஆயின் நமது பல்கலைக்கழகங்களிலும் பாடசாலைகளிலும் இத்துறை பெரும்பாலும் பொறியின் நுட்பமாகவே கற்பிக்கப்படுகின்றது. குறியீட்டு அட்டவணை மாணவருக்கு ஏற்கெனவே தயாரிக்கப்பட்டு வழங்கப்படுகின்றது. அதனை ஆக்கியவர் யார், விலக்கப்பட்ட விடைகள் எவை, வகையுள் அடங்காதோர் எங்கு வைக்கப்பட்டனர் என்பன கேட்கப்படுவதில்லை. புள்ளிவிபரங்களை ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்று மாணவரும் சமூகவியல் மாணவரும், அட்டவணையின் எண்களைப் படிக்குமுன் அதன் நிரல்களின் தலைப்புக்களைப் படிக்கப் பழகுதல் வேண்டும். 1871இன் இருபத்துநான்கு இனங்கள் 1881இல் ஏழானதும், 1911இல் ஒரு மொழி பேசுவோர் இரு நிரல்களானதும், எண்களில் அன்றித் தலைப்புக்களிலேயே நிகழ்ந்த மாற்றங்கள். அம்மாற்றங்களின் வரலாறு முழுமையாக எழுதப்படவேண்டியுள்ளது. 1871 முதல் வெளிவந்த தொகைமதிப்பு அறிக்கைகளின் வினாக்கொத்துக்களையும், கணக்கெடுப்பாளருக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல்களையும் ஒப்புநோக்கும் ஆய்வே அதற்கு முதற்படியாகும்.